ஸ்ரூடியோ வேலைக்குப் போனால் ஓவியம் செத்துவிடுமா?

கேள்வி: உயர்தரத்தில் சித்திரம் படித்தேன். வன்னியை விட்டுப் போகும் எண்ணம் இல்லை. கல்யாணப் படம் எடுக்கும் ஸ்ரூடியோவில் சேர்ந்தால் ஓவியம் கையை விட்டுப் போய்விடும் என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குச் சரிவருமா?

சரிவரும். என் விஷயத்தில் ஓவியம் வந்ததே ஸ்ரூடியோ மேசையிலிருந்துதான்.

1995 இடப்பெயர்வில் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தபோது எனக்கு வயது 12. 2000இல் புதுக்குடியிருப்பில் ஒரு ஸ்ரூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை, பற்றரி கிடைப்பதே பெரும் பாடு. ஒரு சாமத்திய வீட்டுக்கு 36 படம் எடுக்கும் ரோல் ஒன்று, வசதியான வீடென்றால் இரண்டு. அதுவும் பெரும்பாலும் காலம் முடிந்த ரோல். கழுவி வந்தால் நிறம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். முதலாளி அண்ணர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "அமத்த முதல் வெளிச்சம் எங்கையிருந்து வருதெண்டு பார்." ஒரு முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்று பார்க்க நான் பழகியது அப்படித்தான். சித்திர வகுப்புக்கு நான் போனதேயில்லை.

பல வருடம் கழித்து சோல் லைட்டர் என்ற அமெரிக்கரைப் பற்றி வாசித்தேன். 1946இல் ஓவியராகவே வாழ்வதென்று நியூயோர்க்குக்கு வந்தவர். வயிற்றுப்பாட்டுக்கு ஹார்ப்பர்ஸ் பசார் போன்ற சஞ்சிகைகளுக்கு நவநாகரிக உடைப் படங்கள் எடுத்தார். கையில் காசில்லாததால் காலம் முடிந்த வண்ண ரோல்களை வாங்கித் தெருவில் படம் எடுத்தார். அந்தச் சாய்ந்த நிறமே அவருடைய படங்களின் அழகில் ஒரு பங்காகிவிட்டது. தான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் மேலேயே வர்ணமும் தீட்டினார். 2006இல் அவருடைய வண்ணப் படங்கள் நூலாக வந்த பிறகுதான் உலகம் அவரைப் பெரிதாகக் கவனித்தது. அப்போது அவருக்கு வயது 82. இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. புதுக்குடியிருப்பில் நாங்கள் பழுது என்று ஒதுக்கிய படங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன.

2002இல் ஏ9 பாதை திறந்தது, நல்ல ரோல் வந்தது, பிறகு டிஜிட்டல் கமராவும் வந்தது. 2009இல் கடைசிப் போரில் எல்லாம் போனது. மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வெளியே வந்து, 2011இல் கிளிநொச்சியில் சின்னதாக ஒரு கடை போட்டேன்.

கல்யாண ஓடர்தான் முதலில் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. தண்ணீரில் ஊறிய படம், நான்காக மடித்து உடுப்புக்குள் வைத்திருந்த படம், மங்கிப்போன அடையாள அட்டைப் படம் என்று சனம் கொண்டுவந்தது. "இதைப் பெருப்பிச்சுத் தாங்கோ." "இவரை மட்டும் வெட்டி எடுத்து எங்களோடை சேர்த்து விடுங்கோ." கொம்பியூட்டரில் செய்யக்கூடியதைச் செய்தேன். இல்லாத தாடையையும் தோளையும் கொம்பியூட்டர் எங்கிருந்து எடுக்கும்? வரையத்தான் வேண்டும்.

2012இல் ஒரு அம்மா மகனின் படத்தோடு வந்தார். ஒரு பக்கத்து முகத்தைத் தண்ணீர் தின்றிருந்தது. காது எப்படியிருக்கும் என்று கேட்டேன். கூட வந்த பேரப்பிள்ளையை முன்னுக்கு இழுத்து, "இதே காதுதான்" என்றார். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, பார்த்துப் பார்த்து வரைந்தேன். எங்கள் தொழிலில் முகத்தை வெள்ளையாக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். நானும் அப்படியே செய்து அச்சடித்துக் கொடுத்தேன். அம்மா கனநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கறுப்பாக்குங்கோ தம்பி. அவன் வெயிலுக்கை நிண்டு வேலை செய்தவன்" என்றார்.

கூச்சமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து யாருடைய முகத்தையும் கேட்காமல் நான் வெளுக்க வைப்பதில்லை. வெயில் பட்ட எங்கள் தோலில் எத்தனை மண்ணிறம், எத்தனை ஊதா, கழுத்தடியில் எவ்வளவு பச்சை இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். என் ஓவியம் என்று சொல்லிக்கொள்ளக்கூடியது அந்தத் தேடலில்தான் தொடங்கியது. 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே கையில் பிடித்திருந்த படங்களில் சில என் மேசையில் பெருப்பித்தவை. எந்தக் கண்காட்சியிலும் அப்படி நெஞ்சு அடைத்து நான் நின்றதில்லை.

கல்யாண வேலையையும் குறைவாக நினைக்காதீர்கள். சிவப்புக் கூறை உடுத்திய பொம்பிளையின் நாடிக்குக் கீழே பாருங்கள், சேலையின் சிவப்பு ஏறியிருக்கும். பக்கத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியிலும் அது லேசாகத் தெரியும். நிறம் நிறத்தில் விழுவதை இதைவிட நன்றாக எந்த வகுப்பில் காட்டுவார்கள்? இப்போது சோடிகள் இரணைமடுக் குளக்கட்டில் படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். பின்னேரம் ஐந்து மணி வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கு நல்ல படம், உங்களுக்குத் தண்ணீரின் நிறம்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மற்றக் கடைக்காரருக்கு அது பஞ்சமான மாதம், எனக்கு வரையும் மாதம். அந்த இரண்டு மாதத்துக்கான கடை வாடகையை வைகாசி, ஆவணி உழைப்பில் எடுத்து வைத்துவிடுவேன். வைக்காவிட்டால் தூரிகை ஓடாது, கடன்தான் கண்ணுக்குள் நிற்கும். ஓடருக்கு முற்பணம் வாங்கக் கூச்சப்படாதீர்கள், சொந்தக்காரரிடமும் வாங்குங்கள்.

படத்தின் மேல் வர்ணம் தீட்டிப் பார்க்க ஆசையிருந்தால் பளபளப்புத் தாள் வேண்டாம், அதில் நீர்வர்ணம் உருண்டு ஓடும். பளபளப்பில்லாத மட் தாள் பிடித்துக்கொள்ளும். பிழையாக அச்சான தாள்களை எறியாமல் வைத்திருந்தால் வரையும் தாளுக்குக் காசு தேவையில்லை.

கடைசியாக, எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று கடையில், மற்றது வேறு ஊரில் உறவினர் வீட்டில். இப்போதும் யாராவது கடை வாசலில் வந்து நின்று, "2004இலை எங்கடை கல்யாணத்துக்கு நீங்கள்தான் படம் எடுத்தனீங்கள், நெகட்டிவ் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்கிறேன். உடனே போகமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மணவறை என்ன நிறம், அம்மா எந்தப் பக்கம் நின்றவ என்று சொல்லத் தொடங்குவார்கள். நான் பென்சிலை எடுப்பேன்.