வத்தைப் பலகையில கிட்டார் நெக் செய்யலாமா?

கேள்வி: அண்ணே, சொந்தமா ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யப்போறேன், ஊர் ஆச்சாரி இழைச்சுத் தர்றேன்னுட்டாரு. அப்பா கடல்ல ஓட்டுன வத்தைய, அதான் மரப் படக, உடைச்சப்ப எடுத்துவச்ச அயினிப் பலகை ஒண்ணு இருக்கு, கீழக்கரையில இடிச்ச பழைய வீட்டு தேக்கு விட்டமும் கெடைச்சிருக்கு. நெக்குக்கு, அதான் கிட்டாரோட நீளக் கழுத்துக்கு, எதப் போடலாம், அது மேல விரல் அழுத்துற ஃபிங்கர்போர்டுக்கு என்ன மரம்? மேப்பிள்தான் வேணும்கிறாங்களே?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, வத்தைப் பலகைய நெக்குக்கு மட்டும் தொடாதீங்க. வருஷக்கணக்கா உப்புத்தண்ணி குடிச்ச மரம் அது, உப்பு காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், நெக் வளையாம இருக்க உள்ள போடுற ட்ரஸ் ராடுங்கிற இரும்புக் கம்பியும் துருப்பிடிச்சுரும்.

மேப்பிள் நல்ல மரம்தான், ஆரம்பத்துல ஃபெண்டர் கம்பெனி கிட்டார்ல நெக்கு ஃபிங்கர்போர்டு எல்லாமே ஒரே மேப்பிள் துண்டு, 1959 வாக்குலதான் மேல ரோஸ்வுட் ஒட்ட ஆரம்பிச்சாங்க. ஆனா நம்ம கடக்கரையில என்ன மரம்ங்கிறத விட அது எவ்வளவு காஞ்சிருக்குங்கிறதுதான் முக்கியம், இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு மரக்கடையில நல்லா காஞ்சதுன்னு சொன்னத நம்பி ஐப்பசி மழையில ஒரு நெக் செஞ்சேன், கச்சான் காத்து அடிக்கிற வறண்ட மாசத்துல மரம் அகலவாக்குல சுருங்கி ஃபிங்கர்போர்டுல குறுக்கால பதிச்ச ஃப்ரெட் கம்பி முனையெல்லாம் ரம்பம் மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு உள்ளங்கைய கிழிச்சுருச்சு.

அதனால என் ஓட்டு விட்டத்துக்குத்தான். ஆணி இருக்கான்னு காந்தம் வச்சு பாத்துட்டு, 27 இஞ்சு நீளத்துக்கு குறையாம அறுக்கச் சொல்லுங்க. வெட்டுமுனைய பாத்தா ரேகை படுத்துக் கெடக்கக் கூடாது, நெட்டுக்குத்தா நிக்கணும், அப்பத்தான் கம்பி இழுக்குற பக்கம் வளையாது. அப்படி துண்டு கெடைக்கலன்னா மூணு பட்டையா அறுத்து நடுப்பட்டைய தலைகீழா திருப்பி ஒட்டுங்க. அறுத்த துண்ட மீன் நிறுக்குற டிஜிட்டல் தராசுல வச்சு எடைய மரத்து மேலயே பென்சில்ல தேதியோட எழுதுங்க, வாரம் ஒருக்கா நிறுங்க, மூணு நாலு வாரம் எடை மாறாம நின்னாத்தான் உளி வைக்கணும், ஆச்சாரி அவசரப்படுத்துவாரு, விடாதீங்க.

தேக்குல எண்ணெய் இருக்கு, ஒட்டுறதுக்கு கொஞ்சம் முன்னாடி அசிட்டோன் தொட்டு தொடைக்கலன்னா பசை பிடிக்காது. மரம் எவ்வளவு கெட்டின்னு சொல்ற ஜாங்கா அளவுல ஹார்டு மேப்பிள் 1450, தேக்கு 1000 பக்கம்தான். நெக்க கொஞ்சம் தடிமனாவே விடுங்க, ட்ரஸ் ராடு கட்டாயம்.

ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி, அதான் நம்மூரு ரோஸ்வுட். 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். தேக்க விட ரெண்டு மடங்கு கெட்டி, வார்னிஷ் இல்லாமயே வேர்வைய தாங்கும். பில்லோட வாங்குங்க, ஈட்டி வெட்டுறதுக்கு கட்டுப்பாடு இருக்கு. கருங்காலி இன்னும் கெட்டிதான், ஆனா காயும்போது வெடிக்கும், மொதல் கிட்டாருக்கு வேணாம். ஃப்ரெட்டுக்கு மட்டும் காசு பாக்காம ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுருங்க.

அப்பா பலகைய அப்படியே விட்டுறச் சொல்லல. நல்ல தண்ணியில ஊறப்போட்டு தண்ணிய மாத்தி மாத்தி உப்பெடுத்து, நெழல்ல காயவச்சு, பாடிக்கு பின்னாடி வயர மூடுற தகடு அதுல செஞ்சுக்குங்க. வாசிக்கும்போது அது உங்க நெஞ்ச ஒட்டித்தான் இருக்கும். திருகாணி பித்தளையில போடுங்க.