பிரிக்காமல் திரும்பிய கடிதங்கள்

கே: அமெரிக்காவில் அதிபர் இறந்தால், மிச்ச காலம் முழுக்கத் துணை அதிபரே அதிபராகிவிடுகிறாரே, இது முதலிலேயே அரசியல் சட்டத்தில் எழுதிவைத்ததா?
- வாசகி, தேனி

ப: எழுதினார்கள், அரைகுறையாக. அதிபர் இறந்தால் 'அது' துணை அதிபரைச் சேரும் என்கிற மாதிரி ஒரு வாசகம். அது என்றால் எது? பதவியா, பதவியின் வேலை மட்டுமா? 1787ல் எழுதியவர்கள் விளக்கவில்லை. பதவியில் இருக்கும்போது யாரும் சாகாததால் ஐம்பது வருஷம் யாரும் கேட்கவும் இல்லை.

1841 மார்ச் 4 அன்று பதவியேற்ற வில்லியம் ஹென்றி ஹாரிசன், ஏப்ரல் 4 அன்று காலமானார். துணை அதிபர் ஜான் டைலர் வர்ஜீனியாவில் இருந்த வீட்டிலிருந்து அவசரமாக வாஷிங்டன் வந்து, ஏப்ரல் 6ஆம் தேதி ஒரு ஹோட்டலில் வைத்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார். 'தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் துணை அதிபர்' என்று அவரை ஓரமாக உட்காரவைக்கப் பார்த்தார்கள். மனுஷர் மசியவில்லை. 'தற்காலிக அதிபர்' என்று விலாசமிட்டு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்.

தபால் இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவன் நான். 'விலாசதாரர் வாங்க மறுத்தார்' என்று எழுதி எத்தனையோ கவர்களைத் திருப்பியிருக்கிறேன். பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ். வாங்க மறுத்தே ஒரு நாட்டின் சட்டத்துக்கு அர்த்தம் சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். 'விபத்தில் வந்த மாண்புமிகு' என்று கிண்டல் செய்தார்கள். சொந்த விக் கட்சியே வெளியே தள்ளியது. ஆனாலும் 1845 வரை நாற்காலியை விடவில்லை. பிறகு ஃபில்மோர், ஆண்ட்ரூ ஜான்சன், ஆர்தர், தியோடர் ரூஸ்வெல்ட் எல்லோரும் அதே வழியில் வந்தார்கள். சட்டத்தில் தெளிவாக எழுதியது 1967ல், 25ஆவது திருத்தத்தில். நடுவில் 126 வருஷம்!

ஆளாக எனக்கு டைலரைப் பிடிக்காது. அடிமைகளை வைத்திருந்தவர், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் பக்கம் சேர்ந்தவர். அந்தக் கவர் விஷயத்தில் மட்டும் ஒரு சலாம்.

கே: நம் நாட்டில் எப்படி?
- வாசகர், கரூர்

ப: இங்கே குழப்பமே இல்லை. துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பைத்தான் பார்ப்பார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். 1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி.கிரி பொறுப்பேற்றார். அப்புறம் தேர்தலில் நிற்பதற்காக அவரும் ராஜினாமா செய்ய, தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா சில வாரங்கள் பார்த்துக்கொண்டார்.

கே: அமெரிக்க அதிபர் பைபிள் மீது கைவைத்துத்தான் உறுதிமொழி எடுக்க வேண்டுமா?
- வாசகர், நாகர்கோவில்

ப: வேண்டியதில்லை. 35 ஆங்கில வார்த்தைகள் கொண்ட உறுதிமொழி மட்டும்தான் சட்டத்தில் இருக்கிறது. 1825ல் ஜான் குவின்சி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின் மேல் கைவைத்தார்.

பாஸ்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வெர்மான்டில் பிளிமத் நாட்ச் என்ற மலைக் கிராமத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "வேற இடமே கிடைக்கலையாப்பா?" என்றாள். கால்வின் கூலிட்ஜின் அப்பா வீடு அங்கே இருக்கிறது. நம் ஊர் வீட்டுக் கூடம் அளவுக்கு ஓர் அறை, நடுவில் மேஜை, அதன்மேல் மண்ணெண்ணெய் விளக்கு. 1923 ஆகஸ்டில் அதிபர் ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தபோது துணை அதிபர் கூலிட்ஜ் லீவில் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் போன் கிடையாது. ஆள் வந்து கதவைத் தட்டித்தான் செய்தி சொன்னார். அதிகாலை 2.47க்கு, அந்த விளக்கு வெளிச்சத்தில், அப்பாவே மகனுக்கு உறுதிமொழி செய்துவைத்தார். அம்மாவின் பைபிள் மேஜைமேல் இருந்தது. ஆனால் அதில் கைவைத்துச் சத்தியம் செய்வது அந்த ஊர் வழக்கமில்லை என்று கூலிட்ஜே எழுதியிருக்கிறார். முடிந்ததும் மறுபடி தூங்கப் போய்விட்டார்.

அப்பா வெறும் நோட்டரி. கோர்ட் வாசலில் அஃபிடவிட்டில் முத்திரை குத்துகிறாரே, அந்த மாதிரி. அவர் செய்துவைத்தது செல்லுமா என்று வாஷிங்டனில் சந்தேகம் கிளம்பி, ஒரு நீதிபதி முன்னால் சத்தமில்லாமல் இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டார் கூலிட்ஜ். "உங்களால் முடியும் என்று எப்படித் தெரியும்?" என்று பிற்பாடு அந்த அப்பாவை யாரோ கேட்டார்களாம். "முடியாது என்று எனக்குத் தெரியாதே" என்றாராம்.