தூர்தர்ஷன் காலத்து காபி, அப்பளம், சாக்லேட் விளம்பரப் பாட்டெல்லாம் மட்டும் ஏன் இன்னும் மறக்க மாட்டேங்குது?

இந்தக் கேள்வியப் பாத்துட்டு பேசாம போயிடலாம்னுதான் நெனச்சேன், முடியல. முப்பது வருஷத்துக்கு முன்னாடி பாத்த விளம்பரப் பாட்டு வரி விடாம வருது, போன வாரம் பாத்த விளம்பரம் எதுன்னே தெரியல, ஏன்னு கேட்டிருக்கீங்க. நீங்களும் நாப்பதத் தாண்டுன ஆளாத்தான் இருப்பீங்க, ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல ஏதோ ஒண்ணு மாட்டிருக்கும், அதுலேர்ந்து அடுத்தது அடுத்ததுன்னு போயி மணி ரெண்டாயிருக்கும். எனக்கும் அதே வியாதிதான்.

எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணு இருக்கு, ஒரே சேனல், கையில ரிமோட் கிடையாது, போட்டதத்தான் பாக்கணும். சரிதான், இல்லன்னு சொல்லல. தூர்தர்ஷன்ல விளம்பரமே 1976 ஜனவரி 1ல தான் ஆரம்பிச்சுது, நாடு முழுக்க கலர் வந்தது 1982ல, அப்புறம் 1984ல ஹம் லோக் சீரியலுக்கு மேகி ஸ்பான்சர். இந்தி சுத்தமா புரியாத எங்க வீட்ல அந்த சீரியல்ல யாரு யாருக்கு என்ன உறவுன்னு ஒரு நாளும் புரிஞ்சதில்ல, ஆனா ரெண்டு நிமிஷம்ங்கிறது மட்டும் எல்லாருக்கும் புரிஞ்சுது. விளம்பரத்துக்கு மொழி தேவைப்படல. லிஜ்ஜத் அப்பள விளம்பரத்துல ஒரு முயல் பொம்மை வருமே, கர்ரம் குர்ரம்னு சிரிச்சுக்கிட்டு, ராம்தாஸ் பாத்யேன்னு ஒரு பொம்மலாட்டக் கலைஞர் பண்ணினது, அதப் பாத்துட்டு எங்க தெருவுல எந்த வீட்ல அப்பளம் பொரிச்சாலும் பசங்க அந்தச் சிரிப்பத்தான் சிரிப்போம்.

ஆனா என் விஷயத்துல காரணம் அது மட்டும் இல்ல. எங்க வீட்ல டேப் இருந்துச்சு.

அப்பா யாரோ தெரிஞ்சவர் மூலமா வாங்கின ஒரு பழைய விசிஆர். மூணு மணி நேர கேசட். ஞாயித்துக்கிழமை சாயங்காலப் படத்தப் பதிவு பண்ணுவார். அதுல அவருக்கு ஒரு கர்வம், விளம்பரம் வந்த அடுத்த நொடி பாஸ் அமுக்கிடுவார், முடிஞ்சதும் கரெக்டா எடுத்துடுவார், டேப்பு வீணாகக் கூடாதாம். பூனை எலியப் பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி விசிஆர் முன்னாடியே குத்த வெச்சு உக்காந்திருப்பார், படத்த எங்க பாத்தார்னு தெரியல. ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா ஊருக்குப் போயிட்டாரு, அக்காதான் ரெக்கார்ட் பண்ணினா. அவ அமுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அந்த ஒரு கேசட்ல மட்டும் விளம்பரம் பூரா அப்படியே விழுந்துடுச்சு. அப்பா வந்து திட்டினாரு, ஆனா அழிக்கல.

அந்தப் படத்தத்தான் நாங்க திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தோம், படத்துக்காக இல்ல, விளம்பரத்துக்காக. பேஷ் பேஷ் ரொம்ப நன்னா இருக்குன்னு நரசுஸ் காபி, சித்ரா நடிச்ச இதயம் நல்லெண்ணெய் (அந்தம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நல்லெண்ணெய் சித்ரான்னே பேர் நின்னுச்சு, 2021ல இறந்தப்போ செய்தியிலயும் அப்படித்தான் போட்டாங்க), கபில்தேவோட பூஸ்ட், ரஸ்னா, அந்த முயல். முக்கியமா லியோ காபி. அந்த மியூசிக் போட்டது ஏ.ஆர்.ரஹ்மான்னு எங்களுக்கு அப்போ எப்படித் தெரியும். அந்த விளம்பரத்துக்கு அவார்டு வாங்கின விழாவுலதான் மணிரத்னம் அவரச் சந்திச்சதா பின்னாடி பத்திரிகையில படிச்சோம், 1992ல ரோஜா வந்து ஊரே யாருப்பா இந்தப் பையன்னு கேட்டப்போ எங்க வீட்டு அலமாரியில அவரு ஏற்கனவே ஒரு கேசட்டுக்குள்ள உக்காந்திருந்தாரு. பெருமையடிச்சுக்கிறேன்னு நெனச்சாலும் பரவால்ல, எங்க குடும்பத்துக்குன்னு இருக்கிற பெருமை அது ஒண்ணுதான்.

இதுல நான் கவனிச்சது என்னன்னா, எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தனித்தனியா ஞாபகம் இல்ல, வரிசையா ஞாபகம் இருக்கு. ஒரு பாட்டோட கடைசி சத்தம் விழுந்தா அடுத்த பாட்டோட முதல் சத்தம் மண்டையில தானா ஸ்டார்ட் ஆகுது. இப்போ வர்ற விளம்பரத்துக்கு அந்த மாதிரி முன்னாடியும் கிடையாது பின்னாடியும் கிடையாது, அஞ்சு செகண்ட்ல ஸ்கிப் பண்ற கை ரெடியா இருக்கு, அப்புறம் எப்படி நிக்கும். அதுக்காக இப்போ வேலை செய்றவங்களுக்குத் திறமை இல்லன்னு நான் சொல்லவே இல்ல, அப்படி சொன்னதா யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இன்னொண்ணு, அந்தச் சாமான் எதுவும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல. ரஸ்னா அஞ்சு ரூபா பாக்கெட்ல முப்பத்திரண்டு கிளாஸ்னு சொல்லுவாங்க, கணக்குப் போட்டா மலிவுதான், ஆனா அது கேக்குற சக்கரைய யார் போடறதுன்னு அம்மா கேப்பா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்துடுவா. திங்க முடியாதத பாடிக்கிட்டோம், அவ்ளோதான். உடனே சர்க்கரைத் தண்ணிக்கும் மைதா நூடுல்ஸுக்கும் உருகி உருகி எழுதுறியேன்னு ஒருத்தர் வருவார். ஐயா, எனக்கே சுகர் இருக்கு, நான் யாரையும் வாங்கிக் குடிக்கச் சொல்லல, பாட்டப் பத்தி மட்டும்தான் பேசிட்டிருக்கேன்.

இப்போ வயித்தெரிச்சல் கதைக்கு வரேன். அப்பா போனதுக்கப்புறம் வீட்டக் காலி பண்றப்போ எல்லா கேசட்டையும் எடுத்துட்டுப் போயி டிஜிட்டல் பண்றோம்னு போர்டு போட்டிருந்த ஒரு கடையில குடுத்தேன். கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ, கூடவே இந்த ஞாயித்துக்கிழமை கேசட். கடைத் தம்பி ரொம்ப மரியாதையான பையன். வாங்கப் போனப்போ முகமெல்லாம் சிரிப்பா சொல்றான், "சார், நடுல நடுல பழைய விளம்பரமா வந்துச்சு, எல்லாத்தையும் கட் பண்ணி நீட்டா குடுத்துருக்கேன் சார், எக்ஸ்ட்ரா சார்ஜ் எதுவும் இல்ல."

எனக்குப் பேச்சே வரல. முழு ஃபைல் இருக்காப்பான்னு கேட்டா டெலிட் பண்ணிட்டானாம், இடம் இல்லையாம். சரி கேசட்ட இன்னொரு தடவ ஓட்டுப்பான்னா, ரீவைண்ட்ல சிக்கி டேப்பு கசங்கிப் போச்சு, அத அறுத்துதான் வெளிய எடுத்திருக்கான். அந்தப் பையன நான் திட்டல, திட்டி என்ன ஆகப் போகுது. அவன் பொறந்தப்போ தூர்தர்ஷன யாரும் பாக்கறதே இல்ல.

வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தேன். படம் சும்மா கழுவி விட்ட மாதிரி ஓடுது. நடுவுல ஒரு எடத்துல தடங்கலுக்கு வருந்துகிறோம்னு ஸ்லைடு வந்து நிக்குது, அத வெட்டாம விட்டிருக்கான்! அது படத்தோட பார்ட்டுன்னு நெனச்சுட்டான் போல. இன்னொரு எடத்துல வெட்டு சரியா விழல, அம்மா கேரக்டர் மகன் போட்டோவப் புடிச்சுக்கிட்டு அழறாங்க, டக்குனு ஒரு "..ஷ்" கேக்குது, திரும்பவும் அழுகை. பேஷ்ல மிச்சம் இருக்கிறது அவ்ளோதான். அக்காவுக்கு போன்ல போட்டுக் காட்டினேன், அவ சிரிச்ச சிரிப்புல மாமா பதறிப் போயி என்ன ஆச்சுன்னு ஓடி வந்துட்டாரு.

இதெல்லாம் யூடியூப்ல கிடைக்குதேன்னு சொல்லுவீங்க. கிடைக்குது, நானும் பாக்குறேன். 1994ல வந்த கேட்பரி விளம்பரம், அந்தப் பொண்ணு பூப்போட்ட டிரஸ்ல, கையில சாக்லேட்டோட செக்யூரிட்டிக்கு டிமிக்கி குடுத்துட்டு கிரிக்கெட் கிரவுண்டுக்குள்ள ஆடிக்கிட்டே ஓடுமே, அது நல்ல பிரிண்ட்டே இருக்கு. லூயிஸ் பேங்க்ஸ் மியூசிக், இந்தியில பாடினது சங்கர் மகாதேவன், இப்போ போட்டாலும் கால் நிக்காது. ஆனா அதெல்லாம் ஒத்த ஒத்தையா கிடைக்குது. எங்க டேப்பு வரிசை எங்கயும் இல்ல. லியோ காபிக்கு அப்புறம் நல்லெண்ணெய்னு நான் சொல்றேன், இல்ல அப்பளம்னு அக்கா சொல்றா, தீத்து வைக்க சாட்சி கிடையாது.

இதுக்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லதான், இருந்தாலும் சொல்லிடறேன். அந்தக் கல்யாண வீடியோவ காப்பி போட்டுக் குடுன்னு சொந்தக்காரங்க வரிசையா வந்தாங்க, பென்டிரைவ் என்னோடது, ஒருத்தர் கூட திருப்பித் தரல. கேட்டா ஒரு பென்டிரைவுக்குப் போயா கேக்குறேன்னு முகத்தத் தூக்கி வெச்சுக்குறாங்க. வீடியோல அவங்க சின்ன வயசுல ஒல்லியா இருந்ததப் பாத்து அழுதாங்களே, அதுக்கு ஒரு நன்றியாவது சொல்லிருக்கலாம்.

உங்க வீட்லயும் பழைய கேசட் இருந்தா முதல்ல அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியா டேப் உருளைய வெளிச்சத்துல பாருங்க, வெள்ளையா பொடி படிஞ்சிருந்தா பூஞ்சைன்னு அர்த்தம், பிளேயர்ல போட்டுடாதீங்க, ஹெட் கெட்டுப் போறதோட அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கும். கடையில குடுத்தா ஒரு செகண்ட் கூட வெட்டக் கூடாது, புள்ளி புள்ளியா வர்ற எடம் உட்பட முழு ஃபைலும் வேணும்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. வாயால சொன்னா பத்தாது, அவங்க நல்ல எண்ணத்துலயே வெட்டிடுவாங்க.