டெங்கு மாதிரி நோய்களை முன்கூட்டியே கணிக்கும் கணித மாதிரிகள் களப்பணியில் உண்மையிலேயே உதவுகிறதா?

நிச்சயமாக உதவும். கடலூர் மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும் என்ற எண் எனக்குப் பெரிதாகப் பயன்பட்டதில்லை. எந்த வாரம் ஆட்களைத் தெருவில் இறக்குவது என்பதற்குத்தான் கணிப்பு கைகொடுத்தது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்துபோன பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி மழைத் தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அது நோயாளியைக் கடித்தபின் வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வர 8 முதல் 12 நாள். அப்புறம் அடுத்து கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள், மூன்றிலிருந்து ஐந்து வாரம் வரும். ஆஸ்பத்திரி வார்டு நிரம்பிய பிறகு புகை மருந்து அடிக்கக் கிளம்பினால், போன மாதம் பொரிந்த முட்டையைத்தான் துரத்துகிறோம். மழையையும் வெயிலையும் வீடுகளில் எண்ணிய கொசுப்புழுக் கணக்கையும் சேர்த்து இந்தக் கூட்டலைச் சரியாகப் போடுவதுதான் மாதிரியின் வேலை.

அப்படி முன்கூட்டியே போனபோது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, தெருவுல யாருக்கும் காய்ச்சலே இல்ல, அதுக்குள்ள வந்துட்டீங்க?" அவர் வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் இருந்த தண்ணீரை டார்ச் அடித்துக் காட்டினேன். புழு நெளிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லையும் அவரே கவிழ்க்க வைத்துவிட்டார்.

கொசு பரப்பும் இன்னொரு நோயான யானைக்கால் நோயில் கணக்கு வாரத்தில் இல்லை, வருடத்தில். புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் திரட்டிய களத் தரவுகளை வைத்துத்தான் லிம்ஃபாசிம் என்ற மாதிரியைப் பொருத்திப் பார்த்தார்கள். நம் பக்கத்து ஊர் ரத்தப் பரிசோதனைகள் அதில் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வருடா வருடம் தரும் மாத்திரை ரத்தத்தில் ஓடும், இந்த நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியின் குஞ்சுப் புழுக்களை நன்றாகக் குறைக்கும். ஆனால் தாய்ப்புழு உடம்புக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் எத்தனை பேர் விழுங்குகிறார்கள், எத்தனை வருடம் விழுங்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டெங்கு கணிப்பு தவறிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஒரு பகுதியில் ஆபத்து குறைவு என்று வந்தது, ஆனால் காய்ச்சல் அங்கேதான் அதிகம். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நானே திரும்ப வீடு வீடாக நடந்தேன். 'புழு இல்லை' என்று எழுதியிருந்த பல வீடுகளில் யாரும் மொட்டைமாடிக்கு ஏறியதே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் பத்து வீட்டுக்காவது நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்த பிறகுதான் கணக்கை மேலே அனுப்பினேன்.