பொலிஸ் மகனை நிறுத்திச் சோதித்தால் குடியுரிமைக்குப் பாதிப்பு வருமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மூன்று கிழமைக்கு முன் 15 வயது மகன் கிரிக்கெட் பயிற்சி முடிந்து, வெள்ளைக்கார நண்பன் ஒருவனோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றிருக்கிறான். இரண்டு பொலிஸார் வந்து, “ஒருவரைத் தேடுகிறோம், உன்னைப் போலத்தான் விவரித்தார்கள்” என்று சொல்லிக் கைவிலங்கு போட்டு, பையைக் கொட்டிச் சோதித்தார்களாம். எதுவும் கிடைக்கவில்லை. நண்பனை ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். தெரிந்த ஒருவர், 400 பவுண்ஸ் தந்தால் பொலிஸ் ரெக்கோர்டிலிருந்து மகனின் பெயரை எடுத்துத் தருவதாகவும், முறைப்பாடு செய்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்றும் சொல்கிறார். என்ன செய்வது? நிறத்தைப் பார்த்துத்தான் பிடித்தார்களா?
— ஒரு தாய், ஹரோ

பதில்: சகோதரி, உங்களை நித்திரை கொள்ளவிடாத விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். மகன் கைது செய்யப்படவில்லை. அவர் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை, விட்டுவிட்டார்கள். அது குற்றப் பதிவு ஆகாது. குடியுரிமைப் படிவத்தில் தண்டனை, எச்சரிக்கை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு என்றெல்லாம் கேட்பார்கள். “எப்போதாவது தெருவில் சோதித்தார்களா” என்று கேட்கமாட்டார்கள். பொலிஸ் மேல் முறைப்பாடு செய்தீர்களா என்றும் கேட்கமாட்டார்கள். முறைப்பாடு செய்வது சட்டம் தந்த உரிமை, அதற்காக ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) ஒருவரின் விண்ணப்பத்தை நிராகரிக்க முடியாது.

இனி அந்த 400 பவுண்ஸ்காரர். இந்த ஆட்களைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதாது. கோயிலில், பிறந்தநாள் விழாவில், கடை வாசலில் நின்று “எனக்கு உள்ளே ஆட்களைத் தெரியும்” என்பார்கள். பொலிஸின் கணினியில் உள்ள ஒரு பதிவை வெளியாள் எவரும் அழிக்க முடியாது. அழிக்கக்கூடிய ஒருவர் உண்மையிலேயே உள்ளே இருந்தால் அது லஞ்சம், அதில் நீங்களும் குற்றவாளி. அவர் செய்யப்போவது என்ன தெரியுமா? “என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலைத் தாருங்கள்” என்று பொலிஸுக்கு ஒரு கடிதம் போடுவார். அதை எவரும் தானே, ஒரு சதமும் கட்டாமல் போடலாம். ஒரு மாதம் கழித்துக் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வரும். அதைக் காட்டி, “பாருங்கள், எடுத்துவிட்டேன்” என்பார்.

அதோடு, குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றித் தொழிலாக ஆலோசனை சொல்பவர் ஒன்றில் சட்டத்தரணியாக இருக்கவேண்டும், அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவில்லாமல் சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிவுப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டுப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் உங்கள் கடவுச்சீட்டுப் பிரதியைக்கூட அவர் கையில் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள். இந்த ஆட்கள் பணத்தை எடுப்பதைவிடப் பெரிய கெடுதல் ஒன்றைச் செய்கிறார்கள். முறைப்பாடு செய்யாதே என்று பயமுறுத்தி நாட்களைக் கடத்துகிறார்கள். உங்கள் விடயத்தில் ஒவ்வொரு நாளும் பெறுமதியானது.

ஏனென்றால் அந்தப் பொலிஸாரின் நெஞ்சில் கமெரா இருந்திருக்கும். லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸ் அந்தக் காணொளியை 31 நாட்கள்தான் வைத்திருக்கும். ஆதாரமாகத் தேவை என்று குறித்து வைக்காவிட்டால் அது தானாக அழிந்துவிடும். உங்களுக்கு மூன்று கிழமை போய்விட்டது. ஆகவே முறைப்பாட்டை ஆற அமர எழுதலாம், ஆனால் காணொளியை அழிக்கவேண்டாம் என்ற கோரிக்கை இன்றைக்கே போகவேண்டும். நாள், நேரம், பஸ் தரிப்பிடத்தின் பெயர், மகனின் பெயர், என்ன உடுப்பு, இரண்டு பொலிஸார், “கமெராப் பதிவைப் பாதுகாத்து வையுங்கள்” என்ற ஒரு வரி, இவ்வளவும் போதும். ஆங்கிலத்தில் பிழை இருந்தாலும் பரவாயில்லை. மின்னஞ்சலில் அனுப்புங்கள், அனுப்பிய நேரம் அதிலேயே பதிந்திருக்கும்.

சோதனையைப் பற்றிப் பொலிஸ் எழுதித்தரும் சீட்டை மகன் வாங்காமல் வந்திருந்தால், அதற்காக அவரை ஏசவேண்டாம். கைவிலங்கோடு நிற்கும் 15 வயதுப் பிள்ளைக்குச் சீட்டுக் கேட்கத் தோன்றுமா? மூன்று மாதத்துக்குள் எப்போது கேட்டாலும் பிரதி தரவேண்டும். அது வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, “காரணம்” என்ற பகுதி. 1984ஆம் ஆண்டுப் பொலிஸ், குற்றச் சான்றுச் சட்டத்தின் முதலாம் பிரிவின் கீழ் சோதிப்பதென்றால் நியாயமான சந்தேகம் இருக்கவேண்டும். நிறம், வயது என்று தோற்றத்தை மட்டும் வைத்துச் சந்தேகப்பட முடியாது என்று அந்தச் சட்டத்தோடு சேர்ந்த நடைமுறைக் கோவை தெளிவாகவே சொல்கிறது. ஆனால் “இப்படி ஒருவரைத் தேடுகிறோம்” என்று தகவல் வந்து, அந்த விவரிப்பில் நிறமும் இருந்தால், அதைக் கணக்கில் எடுக்கலாம்.

உங்கள் மகனிடம் சொன்னது இதைத்தான். அப்படியானால் அந்த விவரிப்பு என்ன? யார் எத்தனை மணிக்கு அழைத்துச் சொன்னார்கள்? அவசர அழைப்பு ஒவ்வொன்றுக்கும் பொலிஸில் ஓர் இலக்கம் உண்டு. அதையும் அழைப்பில் சொல்லப்பட்ட விவரிப்பையும் கேளுங்கள். “ஆறடி உயரம், கறுப்பு ஜக்கெட், இருபது வயதுக்கு மேல்” என்று அழைப்பில் இருந்து, உங்கள் பிள்ளை ஐந்தரை அடியில் வெள்ளைக் கிரிக்கெட் உடுப்போடு நின்றிருந்தால், பொருந்தியது நிறம் மட்டும்தான். அழைப்பே வரவில்லை என்றால் முறைப்பாடு இன்னும் பலமாகும்.

இரண்டாவது, இனம் என்ற பகுதி. அதில் இரண்டு விதமாகக் குறிப்பார்கள். உங்கள் மகன் தன்னை என்ன இனமென்று சொன்னார் என்பது ஒன்று, பொலிஸாரின் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்தார் என்பது இன்னொன்று. நம் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிடுகிறார்கள், அதனால் கணக்கில் அவர்கள் இல்லாமல் போகிறார்கள். பொலிஸின் கண்ணுக்கு அவர் யாராகத் தெரிந்தார் என்பது உங்கள் வழக்குக்கும் முக்கியம்.

கைவிலங்கு தனி விடயம். சோதனைக்குச் சட்டம் இடம் கொடுத்தாலும், விலங்கு மாட்டுவது பலப்பிரயோகம். அந்தப் பிள்ளையிடம் அந்த நேரத்தில் அது ஏன் தேவைப்பட்டது என்று தனியாக நியாயம் காட்டவேண்டும். ஓடவில்லை, அடிக்கவில்லை, திட்டவில்லை என்றால் அதை முறைப்பாட்டில் முதல் வரியாகவே எழுதுங்கள்.

நிறத்தைப் பார்த்தா என்று கேட்டீர்கள். அந்த இருவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நாட்டுக் கணக்கைச் சொல்லலாம். 2019-20இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,000 வெள்ளையருக்கு 6 சோதனைகள், 1,000 கறுப்பினத்தவருக்கு 54. ஆசியர் இரண்டுக்கும் நடுவில். அதாவது ஒன்பது மடங்கு. பிறகு கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்குமான இடைவெளி குறைந்தது, 2022-23இல் சுமார் நான்கு மடங்கு. பத்துச் சோதனையில் ஏழு வாக்கில் எந்த மேல் நடவடிக்கையும் இல்லாமல் முடிகிறது. பெரும்பாலானவை போதைப்பொருள் தேடித்தான். ஆனால் அரசின் சொந்த ஆய்வுகளிலேயே கறுப்பினத்தவரின் போதைப் பாவனை வெள்ளையரைவிட அதிகமாக இல்லை.

இதெல்லாம் ஏன் இன்னும் தொடர்கிறது? கெட்ட பொலிஸார் நாலு பேர் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை நடக்கும் முறையே அப்படி. ஒரு பகுதியில் அதிகம் சோதித்தால் அங்கேதான் அதிகம் பிடிபடும். அந்த எண்ணிக்கையைக் காட்டி மறுபடியும் அங்கேயே ஆட்களை அனுப்புவார்கள். சோதிப்பவரே காரணத்தையும் எழுதுகிறார். “எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்” என்று எழுதினால் மேலதிகாரி கையெழுத்திட்டுவிடுகிறார். 2013இல் கண்காணிப்பு ஆணையம் 8,783 பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது 27 சதவீதத்தில் போதிய காரணமே எழுதப்படவில்லை. பிழையான சோதனையால் பொலிஸாருக்கு எதுவும் நட்டமில்லை. நட்டமெல்லாம் பஸ் தரிப்பிடத்தில் நின்ற பிள்ளைக்குத்தான்.

2010-11இல் 12 லட்சத்துக்கு மேல் இருந்த சோதனைகளை 2016-17இல் மூன்று லட்சம் அளவுக்குக் குறைத்தார்கள். எண்ணிக்கை விழுந்தது, இனங்களுக்கு இடையிலான விகிதம் விழவில்லை. தெரிவு செய்யும் கண் மாறாமல் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும்.

அறிக்கைகளுக்கும் குறைவில்லை. 1981இல் பிரிக்ஸ்டனில் சில நாட்களுக்குள் சுமார் ஆயிரம் பேரை நிறுத்திச் சோதித்து, அது கலவரத்தில் போய் முடிந்தது. ஸ்கார்மன் பிரபு அறிக்கை எழுதினார். 1993இல் எல்தமில் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற இளைஞர் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் குத்திக் கொல்லப்பட்டார். புலனாய்வைப் பொலிஸ் குழப்பியது. 1999இல் அதை விசாரித்த மக்பர்ஸன் அறிக்கை, பொலிஸ் நிறுவனமே இனவாதம் கொண்டது என்று சொல்லி 70 பரிந்துரைகளைத் தந்தது. 2023இல் லண்டன் பொலிஸை ஆராய்ந்த லூயிஸ் கேசி அம்மையார் அதே முடிவுக்கு வந்தார். பொலிஸ் ஆணையாளர் மார்க் ரவ்லி கண்டுபிடிப்புகளை ஏற்றுக்கொண்டு, ‘நிறுவனமே’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் ஏற்கமாட்டேன் என்றார். இருபத்துநான்கு வருடம் கழித்தும் சொல்லைப் பற்றியே வாதம் என்றால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

முறைப்பாடு செய்தால் நீதி கிடைத்துவிடும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்டவில்லை. 2020இல் ஓட்ட வீராங்கனை பியங்கா வில்லியம்ஸையும் அவரது துணைவரையும், மூன்று மாதக் குழந்தை காரில் இருக்க, கைவிலங்கு போட்டுச் சோதித்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை, காணொளியும் இருந்தது. கஞ்சா மணத்தது என்று பொய் சொன்னதாக 2023இல் இரண்டு பொலிஸாரை நீக்கினார்கள். அடுத்த வருடம் மேன்முறையீட்டில் அது புரண்டு, இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். இவ்வளவு தெரிந்தும் முறைப்பாடு செய்யுங்கள் என்கிறேன். எழுத்தில் இல்லாதது இந்த நாட்டில் நடக்காத மாதிரிதான்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகவே சொல்லவேண்டும். வெறும் சோதனை உங்கள் குடியுரிமையைத் தொடாது என்றேன். ஆனால் பிள்ளை ஏதாவது ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. பையில் சின்னதாக ஏதோ இருந்து, “ஒத்துக்கொண்டால் இப்போதே வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லி முடிக்கும் வழக்கம் உண்டு. தெருவிலேயே முடிக்கும் ‘சமூகத் தீர்வு’ தண்டனை இல்லைதான். ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பின்னால் ஆசிரியர், தாதி, மருத்துவர் வேலைகளுக்கான விரிவான சோதனையில் பொலிஸ் அதை வெளியிட இடமிருக்கிறது.

இளையோர் எச்சரிக்கை அதைவிடப் பாரமானது. குடியுரிமைக்கு ‘நன்னடத்தை’ பார்ப்பது பெரியவர்களுக்கு மட்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 10 வயதிலிருந்தே பார்ப்பார்கள். ஆகவே இரவு ஒரு மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் நின்றாலும், சட்டத்தரணி வராமல் பிள்ளை எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அங்கே சட்டத்தரணி இலவசம், உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். “சட்டத்தரணி கேட்டால் குற்றவாளி என்று நினைப்பார்கள், பிந்திவிடும்” என்று சொல்லும் மாமாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் மகன் ஏதாவது கையெழுத்திட்டாரா என்று இன்று ஒருமுறை, கோபப்படாமல் கேளுங்கள். இல்லையென்றால் இந்தப் பந்தியை மறந்துவிடலாம்.

முறைப்பாட்டைப் பொலிஸின் இணையத்தளத்திலோ, பொலிஸ் நடத்தைக்கான சுயாதீன அலுவலகத்தின் தளத்திலோ இலவசமாகப் பதியலாம். தாயாக நீங்கள் எழுதினாலும், மகனின் சம்மதத்தை ஒரு தாளில் வாங்கி இணைத்துவிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 28 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். யாரிடம் கேட்பது என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். நட்ட ஈடு கேட்டு நீதிமன்றம் போவதென்றால் இனப் பாகுபாட்டுக்கு ஆறு மாதம்தான் தவணை. முறைப்பாட்டின் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தவணை போய்விடும். அதனால் பொலிஸுக்கு எதிரான வழக்குகளையே நடத்தும் ஒரு சட்டத்தரணியை இந்த மாதத்துக்குள் பாருங்கள். வீடு வாங்க எழுதித்தந்தவர் இதற்குச் சரிவரமாட்டார்.

அப்புறம், அந்த வெள்ளைக்கார நண்பன். இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள், ஒருவரைத் தொடவேயில்லை. பாகுபாட்டைக் காட்ட உங்களிடம் உள்ள ஆகப் பலமான ஆதாரம் அந்தப் பெடியன்தான். அவனுடைய தாயிடம் நேரில் போய் விடயத்தைச் சொல்லி, கண்டதை அவன் கையாலேயே எழுதித் திகதி போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் மகனும் தனியாக, நண்பன் எழுதியதைப் பார்க்காமல் எழுதட்டும்.