பினாங்கில் பாதி, ஈசூனில் பாதி: கேள்வி பதில்

கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் எல்லை திறந்ததிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது: மூன்று வாரம் மலேசியாவின் பினாங்குத் தீவில், தஞ்சோங் புங்கா வட்டாரத்தில் வாடகை வீடு, மூன்று வாரம் சிங்கப்பூர் ஈசூனில் சொந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஓய்வுக்குப் பிறகு தீவுப் பக்கம் ஒதுங்க நினைக்கும் சிலர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

தோ பாயோ ஆசிரியை (58 வயது): வீட்டை விற்றுவிட்டு மொத்தமாகப் பினாங்குக்கே போய்விடலாமா? அங்கே எல்லாம் மலிவாமே?

மலிவுதான் அம்மா. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. 65 வயதில் தொடங்கும் மசேநி (மத்திய சேமநிதி) மாதத் தொகையும் நீங்கள் எங்கே இருந்தாலும் வரும். ஆனால் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்புறுதி சிங்கப்பூரில் பார்க்கும் வைத்தியத்துக்குத்தான். நீங்கள் பினாங்கில் இருந்தாலும் சந்தா மட்டும் கட்டியாக வேண்டும். 58-ல் இது பெரிதாகத் தெரியாது. 75-ல் இடுப்பெலும்பு முறிந்தால் திரும்பி வர ஒரு வீடு வேண்டும். விற்காதீர்கள்.

செங்காங் தம்பதி: அங்கே இருக்கும் நாட்களில் இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் செலவு கட்டுமே?

நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. முழு வீட்டையும் விட, குறைந்தது ஐந்து ஆண்டு அதில் குடியிருந்திருக்கவும் வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு முழு வீட்டை விட அனுமதியே கிடையாது. சரி, ஒரு அறையைப் பூட்டிவைத்துவிட்டு மற்ற அறைகளை மட்டும் விடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள், விதிமீறல். அறைகளை மட்டும் விடுவதானால் நீங்களும் அதே வீட்டில் இருக்க வேண்டும். ஆக, என்னைப் போல் மூன்று வாரக் கணக்கில் போய்வருகிறவருக்கு வாடகை வருமானம் பூஜ்யம்.

பிடோக், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்: மலேசியாவில் லங்காவித் தீவுதான் அமைதியாக இருக்கிறது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

அந்த அமைதிதான் அண்ணே இடிக்கிறது. நெஞ்சு வலி என்றால் பெரிய வைத்தியத்துக்கு அலோர் ஸ்டாருக்கோ பினாங்குக்கோ கடல் தாண்டிப் போக வேண்டும். ராத்திரியில் ஃபெரி ஏது? பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தனியார் மருத்துவமனைகள் நிறைய. சுமத்ராவிலிருந்தே வைத்தியத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். அப்புறம், பினாங்கில் தமிழில் பேச ஆள் உண்டு. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் 1833-லிருந்து இருக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி. அதை உங்கள் முட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூரோங் வாசகர்: 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற நீண்டகால விசா திட்டத்தில் சேரலாமா?

விதிகளை 2021-ல் இறுக்கினார்கள், 2024-ல் மறுபடி மாற்றினார்கள். இப்போது சில்வர் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, அதற்கு மேல் அங்கே ஒரு வீடும் வாங்கியாக வேண்டும். வருடம் முழுக்க அங்கேயே இருக்கப் போகிறவருக்குச் சரி. நான் சேரவில்லை. சாதாரணமாக நுழைந்து, தந்த நாட்கள் முடிவதற்குள் திரும்பிவிடுகிறேன்.

தெம்பனிஸ் வாசகி: கடலைப் பார்த்த மாதிரி வீடு எடுத்தால் என்ன?

எடுங்கள், ஆனால் வாங்காமல் வாடகைக்கு. முதலில் நான் கடல் தெரியும் பதினான்காவது மாடியில்தான் இருந்தேன். மூன்று வாரம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் வாடைதான் வரவேற்கும். தோல் பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை. மனைவியின் பட்டுச்சேலை மடிப்பில் பொட்டுப் பொட்டாகப் புள்ளி. அடுப்பின் பர்னர் துருவேறி, பால்கனிக் கம்பியைத் தொட்டால் கையெல்லாம் செம்மண். உப்புக் காற்றில் ஏர்கானின் வெளிப்பெட்டி இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. பழுதுபார்க்க வந்தவர், "இங்கே எல்லா வீட்டிலும் இதே கதைதான் சார்" என்று சிரித்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் பணம் கொடுத்ததால் எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது இருப்பது இரண்டு தெரு உள்ளே. கடல் தெரியாது, நடந்தால் ஏழு நிமிடம். ஒரு மழைக்காலத்தையும் அங்கே இருந்து பாருங்கள். 2017 நவம்பரில் தீவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது.

உட்லண்ட்ஸ் வாசகர்: பாலி, புக்கெட்?

தாய்லாந்தில் 50 வயதுக்கு மேல் ஓய்வு விசா உண்டு, வங்கியில் 800,000 பாட் காட்ட வேண்டும். வெளிநாட்டினர் நிலம் வாங்க முடியாது, கொண்டோ வாங்கலாம். பாலியில் வெளிநாட்டினருக்கு முழு உரிமையோடு நிலமே கிடையாது. உள்ளூர் ஆளின் பெயரில் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பொங்கோல் வாசகர்: எனக்கு ஆசை, மனைவி வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

என் வீட்டிலும் அதே கதைதான் தம்பி. பேரப்பிள்ளையை விட்டு வரமாட்டார், சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டை விட்டும் வரமாட்டார். வற்புறுத்தி ஒரு முறை அழைத்துப்போய், நான்காம் நாளே டிக்கெட் மாற்றினோம். இப்போது தைப்பூசத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதம் பினாங்கின் பாலிக் பூலாவ் ஊரில் டுரியான் பழுக்கும்போது ஒரு தடவை அவராகவே வருகிறார். விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் கடையிலேயே உட்கார்ந்து இரண்டு பழத்தை முடித்துவிட்டு, மறுநாள் அவர் ஈசூனுக்குக் கிளம்பிவிடுவார். நான் இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வருவேன்.