சிங்கப்பூரில் தக்காளி பூக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறதே?

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தக்காளி நிறையப் பூத்தும் பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. காரணம் என்ன? காய்த்தால் எப்படிப் பத்திரப்படுத்துவது?

முதல் காரணம் இரவு வெக்கை. இரவில் 21 டிகிரியைத் தாண்டினாலே பல பெரிய ரகங்களில் பூ பிடிப்பது குறையும். இங்கே பல இரவுகள் 25-க்குக் கீழே இறங்குவதில்லை. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு உதிராது. பெரிய தக்காளி ஆசையை விட்டுவிட்டு செர்ரி தக்காளி போடுங்கள். வெக்கையை அதுதான் ஓரளவு தாங்கும். இதழ் பின்னால் மடங்கிய பூக்களின் காம்பில், காலை 8 முதல் 10 மணிக்குள், பேட்டரி பல்துலக்கியை இரண்டு மூன்று விநாடி வைத்து அதிரவிடுங்கள். தினமும் செய்ய வேண்டும்.

செடிக்கு ஒரு தொட்டி, குறைந்தது 15 லிட்டர். நேர்வெயில் ஆறு மணி நேரம் விழாத தாழ்வாரத்தில் எந்த வித்தையும் பலிக்காது. தழைச்சத்து உரத்தைக் கூட்டினால் இலைதான் மண்டும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் அடி கருத்து அழுகும். சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தும் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது இது. முட்டை ஓடு உடனே உதவாது, சீராகத் தண்ணீர் விடுவதே மருந்து. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், டெங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரெனத் துவண்டால் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். காப்பாற்ற முடியாது, மண்ணோடு கட்டிக் குப்பையில் போடுங்கள், அந்த மண்ணில் கத்தரி, மிளகாய்கூட வேண்டாம். கத்தரி அல்லது சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய செடி இந்நோயை நன்றாகத் தாங்கும்.

30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாகச் சேராது. அடியில் லேசாகச் சிவப்பு தட்டியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். மைனாவிடமிருந்தும் தப்பும்.

வெயிலில் வற்றல் போட நினைக்காதீர்கள். இந்த ஈரக்காற்றில் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். தொக்குதான் நம் வழி. ஒரு கிலோ பழத்துக்கு நல்லெண்ணெய் 150 மில்லி, எலுமிச்சை அளவு புளி, மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, கல்லுப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, வறுத்த வெந்தயப்பொடி ஒரு தேக்கரண்டி. கடுகு, பெருங்காயம் தாளித்து, அரைத்த விழுதைச் சிறுதீயில் சுண்டவிடுங்கள். ஓரத்தில் எண்ணெய் தெரிந்ததும் இறக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. நடுவில் கரண்டியால் கோடு போட்டால் அந்தக் கோட்டில் தண்ணீர் ஊறி வரக்கூடாது, அதுவரை கிளறுங்கள். ஆறியபின் உலர்ந்த பாட்டிலில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், வெளியே வேண்டாம்.

நேரமில்லாத நாளில் பழத்தைக் கழுவித் துடைத்து முழுசாகவே உறையவைக்கலாம். பிறகு குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும். ரசத்துக்கு அது போதும், சாலட்டுக்கு ஆகாது.